மேஷம் தொடங்கும் இடம்

அநியாயம் நடந்தது செண்பகவடிவுக்கு. பந்தக்கால் நட்ட மறுநாளே அதைப் பிடுங்கினார்கள்.

அவள் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம் சரியில்லையாம். அது மூலம் என்று மாப்பிள்ளை ஊர்ச் சோசியர் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தார். மூலத்தில் பிறந்த பெண் வீட்டுக்குள் கால் வைத்தால் மாமனாருக்கு ஆகாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மாமனார் ஆகவேண்டியவர் ஆண்டியப்பன். அவருக்கு உயிர் மேல் ஆசை. பந்தக்கால் போயிற்று.

சந்திரனை யாரும் கேட்கவில்லை. வடிவையும் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தாணுலிங்கத்தைக் கேட்டார்கள். அவன் அப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாதவன். "வேற பொண்ணு பாக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான். அதன் பிறகு எத்தனை பெண்ணைக் காட்டியும் அதே பதில், அதே வயல்.

வடிவு வீட்டில் அழுதார்கள். அவள் அழவில்லை.

"நான் படிக்கப் போறேன்" என்றாள்.

"எதை?"

"என்னை எதை வச்சு வேண்டாம்னாங்களோ அதை."

மாப்பிள்ளை ஊர் ஆற்றுக்கு அக்கரை. இந்தக் கரையில் குற்றாலிங்கம் என்றொரு குரு சோதிடம் சொல்லிக்கொடுத்தார். பெரிய குருவான அவருடைய அப்பா இறந்தபின் அந்த இடத்தில் உட்கார்ந்தவர். வடிவைவிட வயதில் சிறியவர். அவள் போன முதல் நாள் வாய் தவறி "தம்பி" என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு "ஐயா" என்றாள்.

அவர் சிரித்தார். "நான் அக்கான்னே கூப்பிடுதேன். நீங்க என்ன வேணா கூப்பிடுங்க. எதுக்குப் படிக்க வந்தீங்க?"

"இது பொய்னு சொல்லதுக்கு."

"பொய்னு சொல்லப் படிக்கணுமா? சும்மாவே சொல்லலாமே."

"சும்மா சொன்னா பொம்பளை புலம்புதான்னு சொல்லுவாங்க. கணக்குப் போட்டுச் சொல்லணும்."

"சரி. உக்காருங்க" என்றார் குரு.

அவள் படித்தாள். பன்னிரண்டு ராசி, இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பாகை என்று வரிசையாய்ப் போனாள். மற்றவர்கள் மனப்பாடம் செய்த இடத்தில் அவள் சண்டை போட்டாள். தை முதல் தேதி சூரியன் வடக்கே திரும்புவதாகச் சொல்கிறோம். வாசலில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்தால் அது மார்கழியிலேயே திரும்பிவிடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

"எங்கிட்டச் சொல்லுங்க" என்றார் குரு.

"சொல்லிட்டேன். பதில்?"

"ஒரு காலத்துல தையிலதான் திரும்பிச்சு. நிழல் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துபோச்சு. நம்ம ஆளுங்க நிழல் பின்னால போகல. நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க."

"நின்னது சரியா?"

"நின்னாங்க. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

இப்படிப் பதில் சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? வடிவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் படிப்பை விட்டுப் போகவில்லை.

சித்திரை முதல் தேதி. சாயங்காலம் குரு அவளை ஆற்று மணலுக்குக் கூட்டிப்போனார். மேற்கே சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது.

"மேஷம் தொடங்குற இடத்தைக் காட்டுங்க, அக்கா."

இது தெரியாதா? அன்றைக்குச் சூரியன் மேஷத்துக்குள் நுழைகிற நாள். அவள் மேற்கே கை நீட்டினாள்.

"அங்க என்ன இருக்கு?"

"வெளிச்சம்."

"வெளிச்சத்துக்குப் பின்னால?"

"இன்னிக்குத் தெரியாது. ஐப்பசியில நடுவானத்துல பாத்தேன். அந்த இடத்துல ஒண்ணுமில்ல. வெறும் கறுப்பு."

"ஒண்ணுமில்லாத இடத்தை எப்படி இதுதான்னு சொல்லுதீங்க?"

வடிவு நீட்டிய கையை இறக்கினாள்.

"திரும்பி நில்லுங்க" என்றார்.

திரும்பினாள். கிழக்கே பனைகளுக்கு மேலே வெள்ளையாய் ஒரு நட்சத்திரம் ஏறிக்கொண்டிருந்தது.

"சித்திரை" என்றாள்.

"அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் மேஷத்தோட வாசல். முன்னால பாத்தா தெரியாது. முதுகைக் காட்டி நின்னாத்தான் தெரியும்."

"எல்லாரும் இப்படித்தான் எண்ணுதாங்களா?"

"இல்ல. அந்த வாசல் பக்கத்துலயே ரேவதின்னு மங்கலா ஒரு நட்சத்திரம் இருக்கு. அங்கேருந்து எண்ணுறவங்களும் உண்டு."

"ரெண்டும் ஒரே இடம்தானே?"

குரு கையை வானத்துக்கு நீட்டி, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். "இவ்வளவு தள்ளி."

வடிவு அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து தன் பிறந்த நேரத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

ரேவதியிலிருந்து எண்ணினால் எண்ணிக்கை முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. சந்திரன் மூலத்துக்குள் காலை வைத்துவிடுகிறது. சித்திரைக்கு எதிரிலிருந்து எண்ணினால் சந்திரன் இன்னும் அதற்கு முந்தின நட்சத்திரத்தின் வாசல்படியில் நிற்கிறது. கேட்டை.

"ஐயா, நான் மூலம் இல்ல. கேட்டை."

"ஓகோ."

"மாப்பிள்ளை ஊர்ச் சோசியர் ரேவதிக் கணக்கு. அதான் இவ்வளவும்."

"ஓகோ."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. இரண்டு விரல். பந்தக்காலைப் பிடுங்கியது இரண்டு விரல். வீட்டுக்கு ஓடியவள், கேட்டைதான், வந்து குருவிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆண்டியப்பனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதை மறுநாள்தான் குருவிடம் சொன்னாள்.

குரு பனைவிசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

"தாணுவுக்கு அண்ணன் உண்டா, அக்கா?"

"உண்டு. மாதேவன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் சும்மா எதையும் கேட்பவர் இல்லை. வடிவு அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. மூலத்தைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிற மாதிரியே கேட்டையைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. கேட்டைப் பெண் வந்தால் புருஷனோட அண்ணனுக்கு ஆகாது. மூலத்திலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் அதை மறந்தே போனாள்.

களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"இன்னொரு தொடக்கம் இல்லியா, ஐயா?"

"இருக்கு. பகலும் ராத்திரியும் சமமா இருக்குற நாள்ல சூரியன் நிக்குற இடத்துலேருந்து எண்ணுற தேசங்களும் உண்டு. அவங்க நிழல் பின்னால போனவங்க."

அவள் சோழிகளை வைத்து அதற்கும் கணக்குப் போட்டாள். பூராடம் வந்தது. பூராடப் பெண்ணுக்குத் தாலி தங்காது என்று அதற்கும் ஒரு பேச்சு உண்டு. தாணுவே போய்விடுவான்.

கையிலிருந்த சோழிகளைக் கீழே கொட்டினாள். வானத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை விழுகிறான். வீட்டில் நிற்கிற ஆண்பிள்ளைகளைப் பார்த்து யாரோ நட்சத்திரங்களைப் பங்கு போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆணுக்கு இப்படி ஒரு நட்சத்திரமாவது உண்டா, இவன் வந்தால் மாமியார் போவாள் என்று? அவள் தேடிப் பார்த்துவிட்டாள். அந்தப் பேச்சு யார் வாயிலும் இல்லை.

"எங்கேருந்து எண்ணணும், ஐயா? ஒண்ணைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் யாருன்னு தெரியணும்."

"அப்படின்னா இப்ப சொல்ல மாட்டேன்" என்றார் குரு.

அன்று சாயங்காலமே ஆண்டியப்பன் குரு வீட்டுக்கு வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. கூடவே மூத்த மகன் மாதேவன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வருகிற வழியில் யாரோ அவனிடம் கேட்டையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

வடிவு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவு ஓரமாய் நின்றாள்.

"சோசியரே, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கே பந்தக்கால் நட்டுருதேன்" என்றார் ஆண்டியப்பன். "சித்திரைக் கணக்குத்தான் சுத்தம்னு எல்லாரும் சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதா?" என்றான் மாதேவன். "நம்ம குடும்பத்துக்கு எப்பவும் ரேவதிக் கணக்குதான். தாத்தா காலத்துலேருந்து."

"ஏல, உனக்கு எப்பலேருந்து ரேவதி மேல இவ்வளவு பாசம்?"

"உங்களுக்குச் சித்திரை மேல வந்தப்பலேருந்து."

குரு விசிறிக்கொண்டே இருந்தார்.

"கேட்டைன்னா ஒண்ணுமில்ல, சோசியரே" என்றார் ஆண்டியப்பன், மகன் பக்கம் திரும்பாமலே. "மூத்தவனுக்குச் சின்னதா ஒரு கண்டம். அவ்வளவுதான். எண்ணெய் விளக்கு போட்டா தீர்ந்துரும்."

"சின்னதுன்னா நீங்களே எடுத்துக்கிடுங்க. விளக்கு நான் போடுதேன்."

"ஏல, நான் உன் அப்பன்."

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நானும் அப்பன்தான்."

"அதுகளுக்குத் தாத்தா வேண்டாமா?"

மாதேவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"தாத்தா ரொம்ப நாள் இருந்துட்டாரே."

ஆண்டியப்பன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. செம்பை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

குரு விசிறியை மடியில் வைத்தார். "தகப்பனும் பிள்ளையும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எங்க வைக்கச் சொல்லுதீங்களோ அங்க மேஷத்தை வச்சுருதேன்."

இரண்டு பேரும் எழுந்தார்கள். மகன் முன்னால் நடந்தான். அப்பா அவனை எட்டிப்பிடிக்கப் பார்க்கவில்லை.

வடிவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ வீட்டுச் சங்கதியைத் திரையை விலக்கிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவர்கள் தலை மறைந்ததும் குருவிடம் திரும்பினாள்.

"நல்லா வேடிக்கை காட்டினீங்க, ஐயா. என் கல்யாணம் போச்சு. கேட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெரியவர் சந்தோஷமாப் போயிருப்பாரு."

"மாதேவன்?"

"அவரைப் பத்தி எனக்கென்ன?"

"அந்த வீட்டுக்குத்தானே போகப் போறீங்க. அவரு சாப்பிடுதப்ப நீங்கதானே பரிமாறணும்."

வடிவு வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவளால் ரொம்ப நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"அப்ப இதெல்லாம் பொய்யா?"

"அப்படி நான் சொல்லலியே. சித்திரை அங்கதான் நிக்குது."

"அப்ப அதுதான் நிஜமா?"

"ரேவதியும் அங்கதான் நிக்குது."

"ஐயா, நான் படிக்க வரும்போது எனக்கு ஒரு விஷயம் நிச்சயமாத் தெரிஞ்சிருந்தது. இது பொய்னு. இப்ப அதுவும் தெரியல. இதுக்கா இத்தனை நாள்?"

"இதுக்குத்தான்னு வச்சுக்கிடுங்க" என்றபடி அவர் கீழே கிடந்த சோழிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு சோழி அவள் காலடியில் கிடந்தது. அவள் குனியவில்லை. அவரே வந்து எடுத்துக்கொண்டார்.

நாட்கள் போயின. அக்கரையிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. மாதேவன் தனியாய் உலை வைத்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு. தான் வாசல்படிகூட மிதிக்காத ஒரு வீட்டை இரண்டாக்கிவிட்டோம் என்று வடிவுக்குத் தோன்றியது. அப்புறம் அந்த எண்ணத்தின் மேலேயே கோபம் வந்தது. அவள் என்ன செய்தாள்? பிறந்தாள். அவ்வளவுதானே செய்தாள்? உயிர் மேல் ஆசைப்பட்டது அவர்கள், இடத்தை மாற்றி மாற்றி வைத்தது அவர்கள். ஆனால் தூக்கம் கெட்டது அவளுக்கு. யார் பக்கம் நியாயம், யார் மேல் கோபப்படுவது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்து ஓடியது. மனசு ஓடவில்லை.

ஒரு காலை நேரம். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். ஆண்டியப்பன் தனியாய் வந்தார். வேட்டி நனைந்திருந்தது. நெற்றியில் வழக்கமான திருநீறு இல்லை. அவசரமாய்க் கிளம்பியிருக்கிறார்.

"சோசியரே, மூலம்னே எழுதுங்க" என்றார், உட்காராமலே.

குரு அவரைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா, அண்ணாச்சி?"

"யோசிச்சேன். மூத்தவன் அன்னிக்கு வாய்விட்டுச் சொல்லிட்டான். எனக்கு நெஞ்சே வெடிச்சிட்டு. வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பாக்குதேன், நானும் அதையேதான் அவனுக்குச் செஞ்சிருக்கேன். அவன் சொல்லிச் செஞ்சான். நான் சொல்லாமச் செஞ்சேன், சிரிச்சுக்கிட்டு."

ஆண்டியப்பன் திரும்பி அக்கரையைப் பார்த்தார்.

"அவன் பிள்ளைங்க சின்னது. சின்னவன் வயலே கதின்னு கிடக்கான். மூலமாவே இருக்கட்டும். என் கணக்குல வையுங்க. நாள் மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வடிவு கதவு ஓரத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"நான் மாட்டேன், மாமா."

அவர் திடுக்கிட்டார். "என்னம்மா மாட்டே?"

"நீங்க சம்மதிச்சுட்டீங்க. நல்லது. நாளைக்கு உங்களுக்கு ஒரு தலைவலி வந்தா? வீட்டுல எல்லாரும் என் மூஞ்சியைப் பாப்பாங்க. ராத்திரி ரெண்டு தடவை இருமினா மூணாவதுக்கு நான் எழுந்து உக்காந்துருவேன். நீங்க இருக்குற வரைக்கும் நான் உங்களைப் பாத்துப் பாத்துச் சாகணும். நீங்க போயிட்டா ஊரு என்னைப் பாத்துச் சொல்லும். இதுக்குப் பேரு கல்யாணமா?"

"ஊரு சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க நினைப்பீங்க."

ஆண்டியப்பன் வேட்டி நுனியைப் பிழிந்தார். தண்ணீர் தரையில் சொட்டியது. இந்தப் பெண்ணிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"நினைச்சேன்" என்றார். "இவ்வளவு நாளும் அதைத்தானே நினைச்சேன். ஆனா ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடாத. நீ வராட்டா மட்டும் நான் இருந்துருவனா?"

வடிவு திருநீறு இல்லாத அந்த நெற்றியைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு வந்த மருமக எல்லாம் நல்ல நட்சத்திரம். பாத்துப் பாத்துக் கட்டினாரு. அவரும் போயிட்டாருல்லா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த சிரிப்பு இல்லை இது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது. வடிவுக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். எதற்கு அடக்கினோம் என்று உடனே தோன்றியது.

"உக்காருங்க, மாமா" என்றாள். "நனைஞ்சுபோய் நிக்குதீங்க. உக்காந்தே நாள் பாக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். குரு உள்ளே போய் ஓர் ஓலையும் எழுத்தாணியும் எடுத்துவந்து வடிவிடம் நீட்டினார்.

"உங்க ஜாதகம். நீங்களே எழுதுங்க, அக்கா."

"நானா?"

"படிச்சிருக்கீங்கல்லா."

அவள் தரையில் உட்கார்ந்து ஓலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் எழுதினாள். பிறந்த மாதம் எழுதினாள், நாழிகை எழுதினாள். நட்சத்திரம் எழுதவேண்டிய இடத்தில் கை நின்றது. ஆண்டியப்பன் எட்டிப் பார்க்கவில்லை. தலைத்துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வடிவு நிமிர்ந்தாள்.

"எங்கேருந்து எண்ணட்டும், ஐயா?"

"இனி எங்கேருந்து வேணும்னாலும் எண்ணலாம், அக்கா" என்றார் குரு.